மூன்றும் எட்டும்

"தீபாவளிக்கு முந்தின வியாழன். கோப்பி ஆறுவதற்குள் மறுபடியும் கேட்டது. பிறகு என்றேன்."

என் நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. அதற்கு முந்தின வாரத்திலும் இதே வரிதான். அதற்கும் முந்தின வாரத்தில் 'பிறகு என்றேன்' என்பதன் பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் எழுதியிருக்கிறேன். அதை இங்கே எடுத்துப்போட வேண்டாம். கேட்டது வேறு யாருமில்லை, என் மடிக்கணினி. புதிய இயங்குதளத்துக்கு மாறிக்கொள்கிறாயா என்கிறது. பழையதற்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம். ஆனாலும் நான் அதிர்ஷ்டசாலியாம். என் கணினி 'தகுதி பெற்றிருக்கிறது'. காசு கொடுத்து வாங்கிய சாமான் எனக்குத் தகுதிச் சான்றிதழ் நீட்டுகிறது. நீட்டிவிட்டு இரண்டு பொத்தான்களைக் காட்டுகிறது. ஒன்று 'இப்போதே', இன்னொன்று 'பிறகு நினைவூட்டு'. 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இல்லை. வீட்டு வாசலில் வந்து நின்று தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள்கூட அந்த மரியாதையைத் தருகிறார்கள்.

புதியதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ரோச்சோர் பக்கத்துக் கணினிக்கடை ஒன்றில் போய் விசாரித்தேன். கல்லாவில் இருந்தவர் ஒரு திரையைத் திருப்பிக் காட்டினார். இடது ஓரத்தில் கிடந்த சின்னச் சின்னப் படங்களை நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மூலைகளை மழித்து உருண்டையாக்கியிருக்கிறார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு எந்திரப் புத்தியும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான படித்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் கூடி உட்கார்ந்து யோசித்து, நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

என் மகள் மலர் ஆங் மோ கியோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் என் வீட்டுக்கு வந்தால் முதலில் என் இரத்த அழுத்த மாத்திரையைப் பார்ப்பாள், பிறகு மடிக்கணினியை. இரண்டையும் ஒரே முகத்தோடு பார்ப்பாள்.

"அப்பா, சப்போர்ட் முடிஞ்சிருச்சு லா. ஏதாவது வைரஸ் வந்தா மொத்தமா போயிரும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

மொத்தமாக என்று அவள் சொன்னது என் வீதிக் குறிப்புகளை. சிராங்கூன் சாலையும் அதன் கிளைச் சந்துகளும், எந்தக் கடை எப்போது திறந்தது, யார் நடத்தினார்கள், என்று மூடினார்கள், அந்த இடத்தில் அடுத்து யார் வந்தார்கள் என்று இளவயதிலிருந்து நான் எழுதிவரும் கோப்பு. யாரும் என்னைக் கேட்கவில்லை. பணத்துக்கும் இல்லை, பட்டத்துக்கும் இல்லை. சில பேர் தபால்தலை சேர்க்கிறார்கள், நான் தேதி சேர்க்கிறேன். பேச்சுவாக்கில் யாராவது 'அந்தப் பாத்திரக்கடை அப்பவே போயிருச்சே' என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அப்பவே என்றால் எப்போது?

மலர் சொன்னபடி மாறிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மாறினால் அந்தக் கோப்பு திறக்காது. அது ஏன் என்று சொல்ல நான் ஒரு வாசனையிலிருந்து தொடங்க வேண்டும்.

மடிக்கணினி சூடேறினால் ஒரு நெடி வரும், கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து வேகிற நெடி. அது என்னை நேராக, சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நான் வேலை பார்த்த அச்சகம் அங்கேதான் இருந்தது. கீழே மசாலா அரைக்கும் கடை. மேலே மை, மண்ணெண்ணெய், குளிரூட்டி இல்லாத அறையில் மூன்று கணினிகள். மிளகாய் அரைக்கிற நாளில் நாங்கள் தும்மித் தும்மியே கல்யாணப் பத்திரிகை அடிப்போம். மணமக்களுக்கு அதுவும் ஒரு வாழ்த்துதான் என்பார் ஃபாத்திமா அக்கா.

ஃபாத்திமா அக்கா நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கே. எனக்கு முன்பே அங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எதிரே இருப்பவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே, அதற்கு எதிர்ப்பேச்சும் பேசிக்கொண்டே, விரல்கள் தனியாக வேலை செய்யும். முதலாளியைப் பற்றி அவருடைய கருத்து என் கருத்தைவிட மோசமானது. ஆனால் அதை முதலாளியிடமே சொல்லுகிற தைரியம் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

முதலாளியின் பெயர் வேண்டாம். இருந்தவரைக்கும் தன் பெயரை எல்லா அழைப்பிதழின் அடியிலும் இலவசமாகப் போட்டுக்கொண்டவர். நானும் சேர்ந்து விளம்பரம் செய்ய வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் எழுதப் பொதுவிதி என்று ஒன்று ஊருக்குள் வந்திருக்கவில்லை. கடைக்கு ஒரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்த கோப்பை இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிளறிப்போட்ட மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு அது தொல்லை. எங்கள் முதலாளிக்கு அதில் ஒரு வியாபாரம் தெரிந்தது. சென்னையிலிருந்து ஆளைப் பிடித்து, யாரிடமும் இல்லாத எழுத்துரு ஒன்றைத் தனக்கென்று செய்து வாங்கினார். வாடிக்கையாளர் பத்திரிகையை இங்கே தட்டச்சு செய்துகொண்டு, அச்சடிக்க எதிர்ச்சந்துக் கடைக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய தமிழ்ப்பணி.

யாராவது கோப்பைக் கேட்டால் மறுக்கமாட்டார். கணினி வட்டில் போட்டுச் சிரித்த முகத்தோடு கொடுப்பார். "எடுத்துட்டுப் போங்க, உங்க பொருள்தானே." இரண்டு நாளில் அவர்களே திரும்பி வருவார்கள். அப்போது எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அதோடு நிற்கவில்லை. எழுத்தையெல்லாம் என்றாவது ஒருவன் கண்டுபிடித்துவிடுவான் என்று யோசித்து எண்ணிலும் கை வைத்தார். மூன்றை அழுத்தினால் திரையில் மூன்றுதான் தெரியும். ஆனால் கோப்புக்குள் எட்டு என்று பதிவாகும். எட்டை அழுத்தினால் உள்ளே மூன்று. எங்கள் கடையில் எல்லாம் சரியாகத் தெரியும். கோப்பு வெளியே போனால்தான் வேலையைக் காட்டும். க இடத்தில் ப வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தால் யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியவில்லை. எதிர்ச்சந்துக் கடைக்காரர் ஒருநாள் எங்கள் எழுத்துக்களையெல்லாம் ஒன்றொன்றாகப் பொருத்திக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டார் எங்களிடம் வாங்கிப்போன கோப்பை வைத்து அவர் பத்திரிகை அடித்தார். இங்கே கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ். ஆங்கிலப் பக்கத்தை அவரே புதிதாக அடித்தார்; அதில் மூன்றாம் தேதி. தமிழ்ப் பக்கத்தில் எட்டாம் தேதி. வீட்டில் யாரும் தமிழ்ப் பக்கத்தைப் படித்துப் பார்க்கவில்லை. பிள்ளையார் படம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் மூன்றாம் தேதி நடந்தது. ஆங்கிலம் படிக்கிறவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் எட்டாம் தேதி காலையில் வந்து பூட்டிய மண்டபத்தைப் பார்த்தார்கள்.

முதலாளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கோப்பிக்கடையில் போய்ச் சொன்னார். திரும்பி வந்து எங்களிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஃபாத்திமா அக்கா தட்டச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தி நான் பார்த்தது அபூர்வம்.

"ஜூரோங்லேர்ந்து ஒரு அம்மா பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு. மண்டபத்துல கூட்டிக்கிட்டு இருந்தவன்கிட்ட மொய்க்கவரைக் கொடுக்கவான்னு கேட்டுச்சாம். இதுல உங்களுக்கு எங்க மொதலாளி சிரிப்பு வருது?"

"நானா அம்மா தப்பா அடிச்சேன்? அடிச்சவனைப் போய்க் கேளு."

"நீங்க எங்க அடிச்சீங்க. நீங்க நோண்டி வச்சீங்க."

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கீழே மசாலாக் கடைக்குப் போனார். கதை சொல்ல அங்கே இன்னும் ஆட்கள் பாக்கி இருந்தார்கள்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். கிளம்புகிற அன்று முதலாளி பிரிவுப் பரிசு என்று அந்த எழுத்துருவும் தட்டச்சு நிரலும் அடங்கிய வட்டு ஒன்றைக் கொடுத்தார். சொத்தெழுதி வைக்கிற தோரணையில் இரண்டு கையாலும் கொடுத்தார். பேனா கொடுத்திருந்தால் இத்தனை தொல்லை இருந்திருக்காது. வீதிக் குறிப்புகளை நான் அதில்தான் எழுதத் தொடங்கினேன். கணினி மாறமாற அதையும் தூக்கிக்கொண்டு போனேன். இடையில் தமிழுக்கு ஒருங்குறி என்று பொதுவிதி வந்தது. எல்லாரும் மாறினார்கள். என் விரல்கள் மாறவில்லை. நானும் அவற்றை வற்புறுத்தவில்லை. ஒருங்குறியைப் பற்றி அப்போது நான் பேசிய பேச்சையெல்லாம் கேட்டவர்கள் மறந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். கடைசியில் பார்த்தால், முதலாளியை இத்தனை வருஷம் ஏளனம் செய்த நான், என் வாழ்நாள் வேலையை அவருடைய பூட்டுக்குள் வைத்துத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அந்தப் பூட்டு பழைய இயங்குதளத்தில் மட்டும் திறக்கும்.

தீபாவளிக்கு வந்த மலரிடம் இதைச் சொன்னேன். படமாக மாற்றி வைத்துவிடலாம் என்றாள். படமாக்கிவிட்டால் அடுத்த கடை மூடும்போது எங்கே எழுதுவது? தேக்காவில் அது வாராவாரம் நடக்கிறது. அப்படியானால் எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று எழுதிக்கொடுங்கள், மாற்றிக் காட்டுகிறேன் என்றாள். ஒரு பிற்பகல் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அவள் வேலையை முடித்துவிட்டாள். நான் ஆண்டுக்கணக்கில் அஞ்சிய காரியம்.

"அப்பா, எழுத்தெல்லாம் கரெக்டா வந்திருச்சு. ஆனா டேட்ஸ் மட்டும் ஏதோ வியர்டா இருக்கு. எண்பத்தொண்ணாம் தேதி ஒரு பூக்கடை மூடியிருக்காங்க. முப்பத்தெட்டாம் வருஷம் யாரோ வீடியோ கேசட் கடை தொறந்திருக்காங்க."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிறகு ஜூரோங் அம்மாவின் பட்டுப்புடவை ஞாபகம் வந்தது. அட்டவணையில் எழுத்தையெல்லாம் போட்ட நானும் எண்ணை மறந்திருக்கிறேன். அந்த எதிர்ச்சந்துக்காரரைவிட நான் ஒன்றும் புத்திசாலி இல்லை. கதையைச் சொன்னேன். மலர் கேட்டுவிட்டு, "அய்யோ, வாட் எ ஜெர்க்" என்றாள். முதலாளிக்கு இதைவிடச் சுருக்கமான இரங்கலுரையை நான் கேட்டதில்லை. மூன்றையும் எட்டையும் இடம்மாற்றினாள். பூக்கடை முப்பத்தொன்றாம் தேதி ஒழுங்காக மூடியது.

அவள் போனபின், பழைய திரையையும் புதிய பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. 'இப்போதே' பொத்தானை அழுத்த இனித் தடை இல்லை என்று நினைத்தபோது எங்கள் அச்சகத்தின் பதிவு வந்தது. மூடிய நாள்: டிசம்பர் 8. பழைய திரையிலும் எட்டு, புதிய பிரதியிலும் எட்டு. ஆனால் அந்த எட்டை நான் எங்கிருந்து எடுத்தேன்?

கடை மூடுகிறது என்று முதலாளி வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பிலிருந்து. எனக்கும் ஒன்று வந்தது, இன்னும் இருக்கிறது. 'டிசம்பர் 8ஆம் தேதியோடு எங்கள் பணியை நிறைவு செய்கிறோம்.' அதன் அடியில் சின்ன எழுத்தில் அச்சிட்டவர் பெயர். பல வருஷமாக வைத்திருந்தும் அந்த வரியை நான் படித்ததில்லை. எதிர்ச்சந்துக் கடை. எங்கள் அச்சு எந்திரத்தை அதற்குள் ஜொகூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்; அதனால் முதலாளி அறிவிப்பைத் தன் எழுத்துருவில் தட்டச்சு செய்து, வட்டில் போட்டு, அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

எண்ணைப் பற்றி முதலாளி அவர்களை எச்சரித்தாரா? எதிர்ச்சந்துக்காரர் பழைய அனுபவத்தால் தானே திருத்தினாரா? அல்லது மூன்று என்று அடித்தது எட்டாகி, முதலாளி தன் பொறியில் தானே மாட்டிக்கொண்டாரா? ஆங்கிலப் பக்கம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். செலவைப் பார்த்து அதை விட்டுவிட்டார். கிழமை போட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். போடவில்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடினேன். விளம்பரத்துக்குக் காசு கொடுக்கிற மனிதரா அவர்?

ஃபாத்திமா அக்கா இப்போது காத்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். கடைசி நாள்வரை கடையில் இருந்தவர் அவர்தான். தொலைபேசியில் கேட்டேன்.

"தம்பி, அன்னைக்கு நல்ல மழை. சாமானைக் கீழ எறக்க முடியலை. மாடிப்படியில ஒக்காந்திருந்தேன். மசாலாக்கடைக்காரர் தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. இவ்வளவுதான் தெரியும். மூணா எட்டான்னு இப்ப தெரிஞ்சு என்ன செய்யப் போறே?"

"எழுதி வைக்கணும் அக்கா."

"எழுதி வை, மழைன்னு."

டிசம்பரில் இங்கே மூன்றாம் தேதியும் மழை பெய்யும், எட்டாம் தேதியும் பெய்யும்.

முதலாளி இறந்துவிட்டார். எதிர்ச்சந்துக் கடையும் இல்லை; அங்கே இப்போது கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். எங்கள் மாடியில் முதுகுப்பை தூக்கிவரும் பயணிகளுக்கு அடுக்குப் படுக்கை போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். கீழே மசாலா அரைக்கும் சத்தம் இல்லை. போன வாரம் படியேறிப் பார்த்தேன். எலுமிச்சை வாசனைத் திரவம் போட்டுத் துடைத்திருந்தார்கள். தும்மல் வரவில்லை.

நேற்று 'இப்போதே' அழுத்தினேன். பல முறை அணைந்து எரிந்தது. பிறகு உருண்டை மூலைகளோடு வந்து, எல்லாம் தயார் என்றது. முதலாளியின் எழுத்துரு போய்விட்டது. பழைய கோப்பைத் திறக்க முயன்றபோது இது என்ன வகைக் கோப்பு என்று என்னையே கேட்டது. புதிய பிரதி திறந்தது. பிடிக்காத விசைகளில் ஒரு விரலால் தேடித் தேடி அச்சகத்தின் பதிவைத் திருத்தினேன்.

மூடிய நாள்: டிசம்பர் 3 அல்லது 8. உறுதி செய்யப்படவில்லை. அன்று மழை, சாட்சி ஒருவர்.