மினிட்ஸில் வராத ஒரு பக்கம்

நான் இதுவரை வாங்கிய சிரிப்பில் மிகப் பெரியது, கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றின் மண்டபத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைத்தது. ஐந்து நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவருக்குத் தண்ணீர் புரையேறியது. கல்யாண வீடுகளில் கேட்காமலே மைக் பிடித்துப் பழகிய எனக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை என்றுதான் அன்று சாயந்தரம் வரை நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. கிள்ளானுக்கு அப்பால் இருந்த சிறிய துறைமுகம் ஒன்றில், திட்டப் பிரிவில் நான் அதிகாரி. கோப்பு சுமக்கும் அதிகாரி. பழைய மரத்துறையை இடித்துவிட்டு கிரேன், கன்டெய்னர் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவரப் போகிறார்கள். அதற்கு முன் அக்கம்பக்கத்து நாட்டுத் துறைமுகங்கள் கூடிப் பேசி ஒன்றுக்கொன்று உதவலாம் என்று ஒரு கூட்டம் ஏற்பாடானது. பேச்சாளர்களை அறிமுகம் செய்வதும், கூட்டத்தில் பேசியதைக் குறித்து மினிட்ஸ் எழுதுவதும் என் வேலை.

எங்கள் அளவைப் பிரிவில் மூத்த டெக்னிஷியன் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சர்வே சார். யாழ்ப்பாண வழி வந்தவர், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. தினமும் ரயிலில் வந்து இறங்கியதும், அலுவலகத்துக்குள் நுழையாமல் நேரே துறை ஓரத்துக்குப் போவார். அங்கே அடி, அங்குலம் குறித்த ஒரு கம்பம் தண்ணீருக்குள் நின்றது. கடல் எதுவரை ஏறியது, எத்தனை மணிக்கு ஏறியது, காற்று எப்படி என்று குறித்துக்கொண்ட பிறகுதான் காப்பி. அவரை யாரும் எழுதச் சொன்னதில்லை. எதிர்க்கரையில், சுமத்ராவின் சின்னத் துறைமுகம் ஒன்றில், அந்த ஊர் மரியாதைப்படி 'பாக்' என்று அழைக்கப்பட்ட ஒரு பெரியவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் மாதாமாதம் மலாயில் கடிதம் எழுதி அளவுகளைப் பரிமாறிக்கொள்வார்கள். எதிர்க்கரை வீட்டிலிருந்து வரன் பார்க்க எப்போ வராங்க என்று சாரைக் கேட்பது என் தினசரி நகைச்சுவை.

இரண்டு கரை அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நாட்களில் கடல் மிதமிஞ்சி ஏறும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம் என்பார் சார். புதிய துறையின் மின்சார அறைக்குக் குறித்திருந்த தரை மட்டம் போதாது, ஓர் ஆள் உயரமாவது தூக்க வேண்டும் என்பார். கழிமுகத்துச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் பாக்காவ் மரங்களை வெட்டினால் அலை நேரே நம் மடிக்கு வரும் என்பார். கரையோரத் துறைமுகங்கள் எல்லாம் தினமும் கடல் மட்டத்தைத் தந்தியடித்துச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் டைப் செய்து வைத்திருந்தார். கூட்டத்தில் அதைப் படிக்க எப்படியோ ஐந்து நிமிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

"அடுத்த வருஷம் நான் போனாப் பிறகு ஆர் எழுதுறது?" என்று கேட்டார். "இது ரெண்டு கிழவன்மாற்ற விளையாட்டில்லை. மினிட்ஸில ஒரு வரி வந்தாக் காணும். பிறகு ஒருத்தரும் நிப்பாட்டேலாது. வருமோ?"

"வரும் சார், ஏன் வராது லா," என்றேன்.

அந்த மாதிரிக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நாட்டுக்காரரும் மற்றவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார். எல்லோரும் தலையாட்டினால் விஷயம் மினிட்ஸுக்கு உள்ளே போகும். எல்லோரும் சிரித்தால் தேநீர் வரும், விஷயம் வெளியே போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

மதியம் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். கொஞ்சம் எழுப்பி விடு என்று என் மேலதிகாரி சைகை காட்டினார். நான் மைக்கைப் பிடித்தேன். அடுத்து வருபவர் கடலுக்கே வருகைப் பதிவேடு வைத்திருப்பவர் என்றேன். கடல் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை, அதற்குப் பதவி உயர்வும் கிடைத்ததில்லை, இவரைப் போலவே என்றேன். ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, தேநீருக்குப் போகலாம் என்றார். பாதி எழுந்திருந்த சார், காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி வரிசையில், தன் நாட்டுக் குழுவோடு வந்திருந்த அந்த எதிர்க்கரைப் பாக் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. நண்பரைப் பற்றி என்ன சொன்னாய் என்று மலாயில் கேட்டார். புகழ்ந்தேன் என்றேன். அவர் எழுந்து நின்று, தனியாக, வெகுநேரம் கைதட்டினார்.

தேநீருக்குப் பிறகு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். அப்போதுகூட ஒரு வழி இருந்தது. மினிட்ஸ் எழுதியவன் நான்தான். ஒரு வரி சேர்த்திருந்தால் ஐந்து நாடுகளில் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள். டைப் அடிக்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். பேசாததை ஏன் எழுதினாய் என்று மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது? 'தேநீர் இடைவேளை' என்று அடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். நகல் கைக்கு வந்ததும் சார் அதை முழுவதும் படித்தார். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கம்பத்துக்குப் போய்வந்தார். பிறகு யாரும் போகவில்லை. பழைய துறையை இடித்தபோது கம்பமும் போனது. எதிர்க்கரைக் கடிதங்கள் சார் பெயருக்கே வந்ததால், அலுவலக முறைப்படி, பிரிக்காமல் சாரின் வீட்டுக்கே அனுப்பிவைத்தோம்.

இன்றைக்கு இதே விஷயத்துக்கு மூன்று நாள் மாநாடு நடத்துகிறார்கள். பசுமைத் துறைமுகம், தாங்கும் திறன், வட்டார ஒத்துழைப்பு என்று திரையில் படம் காட்டுகிறார்கள். எப்போதாவது என்னையும் மூத்தவர் என்று அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் அந்த ஒரு பக்கத்தின் ஏதோ ஒரு வரி இருக்கும். நான் கைதட்டுவேன், எல்லோரும் நிறுத்தும்போது நிறுத்திவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டு புதிய மின்சார அறைக்குள் புகுந்தன. கிரேன்கள் நின்றன. கப்பல்கள் வெளியே காத்துக்கிடந்தன. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் ஏழு மணி நேரம் நின்றேன். பிற்பகலில் அலுவலகத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, சாருக்குப் போன் செய்தேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். வாய்க்கு வந்தது வேறு.

"சார், உங்க கடல் இன்னிக்கு ஆபீசுக்கே வந்துருச்சு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தமும், காகிதம் புரளும் சத்தமும் கேட்டன.

"எத்தினை மணிக்கு ஆகக் கூட ஏறினது?" என்றார். "அளவைச் சொல்லும், எழுதுறன். அக்கரையில அவருக்கு அனுப்ப வேணும்."

அத்தனை பேர் அங்கே நின்றிருந்தோம். யாரும் மணி பார்த்திருக்கவில்லை.