பருத்திப்பட்டு ஏரிக்கரைக் கச்சேரி

கிறிஸ்துமஸ் விடுமுறை. ஜாஸும் கர்நாடக இசையும் கலந்த கச்சேரி கேட்க ஆவடியில் இறங்கி, பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வருகிறேன். மேடை விளக்குகளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று சைக்கிளோடு நிற்பவரிடம் கேட்கிறேன்.

"மிருதங்கம் வாசிக்கிறவரு குளிக்க எறங்குனாரு சார். ஆளக் காணோம். தேடிகினு கீறாங்க. அதோ, முன்னால குந்திகினு கீதே, அவரு சம்சாரம்."

அந்தப் பெண் மேடையைப் பார்த்து, "வாசிங்கண்ணா. சத்தம் கேட்டா வந்துடுவாரு," என்கிறாள்.

சாக்ஸபோன்காரர் தயங்கித் தயங்கிக் கல்யாணியைத் தொடங்குகிறார். வயலின் சேர்ந்துகொள்கிறது.

அவளுக்குப் பின்னால், ஏரியிலிருந்து நாலு பேர் அவரைத் தூக்கி வருகிறார்கள். தலை தொங்குகிறது. சாக்ஸபோன்காரர் பார்த்துவிடுகிறார். கண்ணீர் வழிய வாசித்துக்கொண்டே இருக்கிறார். நிறுத்தினால் அவள் திரும்பிவிடுவாள்.