பிரித்துப் போட்ட ஒட்டியாணம்

ஆவூர் ஆரோக்கியசாமி இறந்துவிட்டார் என்று அவருடைய மைத்துனர் எங்கள் வெள்ளிக்கடைக்கு வந்து சொன்னபோது, நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மதிப்புப் போடுவதற்காக ஒரு வெள்ளி மாலையைக் கண்ணி கண்ணியாகக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போய்விட்டார். மாலைக்குச் சொந்தக்காரரோ கடை வாசலை விட்டு நகருவதாக இல்லை. அவர் சொல்லிக் கொடுத்தும் எனக்கு அதைக் கோக்க வரவில்லை. செய்தியைக் கேட்ட பிறகும் அந்தக் கண்ணிகளைத்தான் ஒன்றோடொன்று மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டைக் கடைவீதியில் அவரிடம் காத்துக் கிடந்து பொறுமை இழந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம் என் அப்பா அவரைக் கடையில் வேலைக்குச் சேர்த்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அரண்மனை உத்தியோகஸ்தர்களும் மலாயாவிலிருந்து திரும்பியவர்களும் சீமை வெள்ளியை விற்கக் கொண்டுவந்த காலம் அது. நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் ஸ்டெர்லிங். ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு சுத்த வெள்ளி. இ.பி.என்.எஸ். என்று எழுத்து இருந்தால் வெறும் முலாம். எனக்கு இவ்வளவு போதும், விலை சொல்லிவிடுவேன். அவருக்குப் போதாது. கொக்கியில் சிங்கம் இருந்தால் கொக்கி மட்டும்தான் ஸ்டெர்லிங் என்பார். சங்கிலியைத் தனியாகப் பார்க்கவேண்டும், வளையத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும், குண்டு மணிக்குள் அரக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். "மொத்தமா வெல சொல்றது மூட்டையப் பாத்து நெல்லுக்கு வெல சொல்ற மாதிரிங்க" என்பார். அதற்குள் வந்தவர் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்.

தம் ஊர்ப் பங்குச் சாமியார் கொண்டுவந்த ஜெபமாலையைக்கூட அவர் விடவில்லை. அது ரோமாபுரியிலிருந்து வந்த முழு வெள்ளி என்று சாமியார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் முழுவதும் பார்த்துவிட்டு, "சிலுவை நல்ல வெள்ளி, சாமி. மத்ததெல்லாம் முலாம்" என்று பட்டென்று சொன்னார். சாமியார் காப்பி குடிக்காமலே எழுந்து போனார். எனக்குத்தான் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

திருமயத்துக் குடும்பத்தை நாங்கள் இழந்ததும் இப்படித்தான். பரம்பரையாக எங்களிடம் வாங்கியவர்கள். அவர்கள் வீட்டில் பினாங்கில் வாங்கிய வெள்ளிப் பட்டை ஒன்று இருந்தது. சிறு தட்டுகளை இணைப்புகளால் கோத்த சீமை வேலை. ஒட்டியாணம் என்று சொல்லிக் கட்டிக்கொள்வார்கள். புது மருமகள் மீனாட்சி அதைக் கட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டையில் தாய்வீட்டுத் திருவிழாவுக்குப் போய்வந்தாள். பிறகு யாரோ உரசிப் பார்த்து, பின்பக்கத்து இணைப்புகள் வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் என்று சொல்லிவிட்டார்கள். தாய்வீட்டில் வெள்ளியை உருவிக்கொண்டு மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று மாமியார் முடிவு கட்டினார். பெண்ணைத் திருப்பி அனுப்பும் முன் எங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் கடைக்கு வந்துவிட்டார்கள்.

இணைப்பு வெள்ளியா இல்லையா என்பதுதான் கேள்வி. ஒரு உரசலில் முடிகிற வேலை. ஆரோக்கியசாமி அத்தனை பேரையும் உட்காரவைத்துவிட்டுப் பட்டையை முழுசாகப் பிரித்தார். ஒவ்வொரு தட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். உச்சிவெயில் இறங்கிவிட்டது. மாமியார் விசிறிக்கொண்டே முணுமுணுத்தார். அவரைச் சமாதானப்படுத்த ஓடி ஓடி நான் களைத்தேன்.

கடைசியில் ஆரோக்கியசாமி சொன்னது இதுதான். இணைப்புகள் வெள்ளி இல்லை, உண்மை. ஆனால் அவை மாட்டியிருந்த தட்டுகளின் துளைகள், அந்த இணைப்புகளின் கனத்துக்குச் சரியாக நீளவாட்டில் தேய்ந்திருந்தன. இணைப்புகளும் அதே அளவுக்குத் தேய்ந்திருந்தன. ஒரு திருவிழாவில் வருகிற தேய்மானம் அல்ல அது. இந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே மாற்றியது.

யார் மாற்றியது என்று மாமியார் கேட்டார். தெரியாது என்றார். சரி, கோத்துக் கொடுங்கள், போகிறோம் என்றார் மாமியார். அப்போதுதான் மீனாட்சி வாய் திறந்தாள். "எனக்கு ஒட்டியாணம் வேணாம்ணே. நான் எடுக்கலன்னு அவங்க வாயால சொல்லட்டும்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரோக்கியசாமி கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க ஆத்தா. சொன்னாத்தான் கோப்பேன்."

நான் கெஞ்சினேன், அதட்டினேன். அவர் அசையவில்லை. கடைசியில் மாமியார் தெருவைப் பார்த்தபடி, அவ எடுக்கல என்று சொன்னார். மீனாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். அந்த வீட்டார் அதற்குப் பிறகு எங்கள் கடைப் படி ஏறவில்லை.

இதைச் சொல்லிச் சொல்லி ஆரோக்கியசாமியைக் குத்திக்கொண்டே இருந்தேன். வியாபாரம் மந்தமாகும்போதெல்லாம் திருமயத்தை இழுப்பேன். அவர் தலையைக் குனிந்து வேலையைப் பார்ப்பார்.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன், அந்த வெள்ளி மாலையைக் கோக்கும் வழி கேட்க ஆவூர் போனேன். சொல்லிக் கொடுத்துவிட்டு, படுத்தபடியே மெதுவாகச் சொன்னார். "அந்தத் திருமயத்துப் பட்டையோட இணைப்பு நம்ம கடையில செஞ்சதுங்க. முனைய உள்பக்கமாச் சாய்ச்சு அராவுறது ஒங்க அப்பா மட்டுந்தான். அவரு செஞ்ச எத்தனை உருப்படி ரிப்பேருக்கு வந்திருக்கு, எனக்குத் தெரியாதா?"

அப்பா திருடினாரா, அல்லது அந்த வீட்டுப் பெரியவர் யாராவது பணமுடையில் சொல்லிச் செய்யவைத்தாரா என்று கேட்டேன். அது தமக்குத் தெரியாது என்றார். இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று அங்கேயும் எரிந்து விழுந்தேன். கடைக்கு இனி நான் ஒருவன்தானே, தெரிந்திருக்கட்டும் என்றார்.

எத்தனையோ முறை நான் அந்த மனிதரைக் பக்கத்துக் கடைக்காரர்கள் முன்னால் வைத்தே ஏசியிருக்கிறேன். ஒங்க அப்பா செஞ்சது என்ற ஒரே வார்த்தையில் அவர் என் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையைத்தான்.