‘தெரியல’ என்று நான் சொன்னது

என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லைப் பிடுங்கி, என் தெருவுக்கு எதிராகவே திருப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவிடுவதாகவும் இல்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தென் துருவத்துப் பனிப்பாளத்துக்கும் அதன் மேலே வீசும் காற்றுக்கும் நடுவே ஈரம் போய்வந்துகொண்டே இருக்கிறது. அங்கே பனி, உருகித் தண்ணீராகி அப்புறம் ஆவியாக வேண்டும் என்று காத்திருப்பதில்லை. காய்ந்த காற்று அடித்தால் நேராக ஆவியாகிவிடும். அந்த ஆவி இன்னோர் இடத்தில் மறுபடி பனியாகப் படியும். எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிடுவது என் ஆராய்ச்சி. பனியை நான் தொட்டது ஃப்ரிட்ஜில் மட்டும்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில், மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊர் என்றே ஒன்று இல்லாத ஒரு கண்டத்தின் ஈரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

அந்த அறைக்கு வெளியே அம்மா தினமும் காலையில் மாடியைக் கூட்டுவாள். கண் மை போலக் கறுப்பாகத் துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளும் தூசி. பக்கத்து உருக்காலையிலிருந்து வருவதுதான் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அம்மாவுக்கு மூன்று வருடமாக மூச்சு இழுப்பு. ஆனால் அவள் வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாள். அப்பா சாகும்வரை அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். அந்தச் சோற்றைத்தானே தின்றோம் என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆலையில் இன்னொரு உலை போடப் போவதாக அறிவிப்பு வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் நாள் குறித்தார்கள். எங்கள் தெரு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புது உலைக்கு முன்னால், தெருவில் தூசியை அளக்கும் கருவி ஒன்றை வையுங்கள், ஒரு வருடம் அளந்து பாருங்கள். இதற்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது எதிர் வீட்டு அக்கா. எங்கள் வீட்டுக்கு அவர் வந்த நேரத்தில் ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரியும் வாசலில் நின்றிருந்தார். அவரும் வீடு வீடாகத்தான் வந்துகொண்டிருந்தார், ஆலையின் அன்பளிப்பாக ஆளுக்கொரு எவர்சில்வர் குடத்தோடு.

அக்கா நேராக என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நீதான் மேலருந்து பாத்துக்கினே இருக்கியே. நம்ம ஊட்டு மேல இன்னா கொட்டுதுன்னு ஒரு தபா பாத்து சொல்லேன்.”

மறுக்க மனம் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். என் தரவில் ஒரு கட்டம் என்பது கும்மிடிப்பூண்டியையும் பக்கத்து ஊரான கவரைப்பேட்டையையும் சேர்த்து விழுங்கிவிடும் அளவு. அதிலும் அது ஈரத்தையும் வெப்பத்தையும் பார்க்கும் கருவி, மொட்டை மாடித் தூசியை அல்ல. இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். சோம்பல்பட்டுக்கொண்டு சுருக்கமாகச் சொன்னேன்.

“இதுல ஒண்ணும் தெரியலக்கா.”

அக்காவுக்குப் புரிந்தது. உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். குடத்தோடு நின்றவரும் போய்விட்டார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. டீயும் பன்னும் கொடுத்தார்கள். அக்கா எழுந்து கருவி வேண்டும் என்று கேட்டதும், அந்த அதிகாரி சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கினார்.

“உங்க தெருப் பொண்ணே சேட்டிலைட்ல பாத்துட்டு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மேல எதுக்கும்மா இன்னொரு மிஷின்?”

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த கையெழுத்துத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, மைக் இல்லாமலே கத்தினேன். அந்தச் சேட்டிலைட் கண்ணுக்கு நம்ம தெரு தெரியாது என்றுதான் சொன்னேன், தெருவில் தூசி இல்லை என்று சொல்லவில்லை, இங்கே நின்று யாருமே அளக்கவில்லை என்றேன். மேடையில் கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி பதிவு செய்துகொள்வதாகச் சொல்லி என்னை உட்காரச் சொன்னார். நானும் நம்பி உட்கார்ந்தேன், முட்டாள் மாதிரி.

பதிவு ஒரு மாதம் கழித்து வந்தது. என் வரிசை எண்ணுக்கு நேராக இப்படி எழுதியிருந்தது: ‘செயற்கைக்கோள் வழியே பார்த்ததில் மாசு ஏதும் இல்லை எனத் தெரிவித்தார்.’ கருவி கேட்ட கோரிக்கைக்கு நேராக, ‘அவசியம் எழவில்லை.’

இந்தத் தப்பு எனக்குப் புதிதில்லை. அதனால்தான் இத்தனை ஆத்திரம். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நானே இதைச் செய்தேன். மேகம் மறைத்த இடத்தைச் செயற்கைக்கோளால் பார்க்க முடியாது. அந்தக் கட்டத்தில் மைனஸ் போட்டு நான்கு ஒன்பதுகள் இருக்கும். ‘இங்கே பார்க்கவில்லை’ என்று அதற்கு அர்த்தம். அது சராசரியைக் கெடுக்கிறதே என்று அத்தனையையும் எடுத்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டேன். துருவத்தின் கரையோரம்தான் எப்போதும் மேகம் கட்டும், புயல் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுவதும் அங்கேதான். என் வரைபடத்தில் அந்தக் கரை முழுக்கக் காய்ந்து, வெகு சுத்தமாக இருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு நிமிடம் பார்த்தார். அங்கே ஈரம் இல்லையா, இல்லை நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். மூன்று மாத வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்யவைத்தார். ஆள் இல்லாத பனிக்காட்டுக்கு அந்த நியாயம் கிடைத்தது. என் அம்மா மூச்சு விடும் தெருவுக்குக் கிடைக்காதாம்.

பதிவைத் திருத்த வேண்டுமானால் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும் என்றார்கள். அம்மாவும் கிளம்பிவிட்டாள். நான் யாரிடமாவது சண்டை போட்டுவிடுவேன் என்று அவளுக்குப் பயம். ஆடி மாதம். பெரியபாளையத்து அம்மன் கோயில் பக்கம் வேப்பிலையும் கூட்டமுமாக பஸ் நகரவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது நண்பகல். அலுவலகம் இரண்டாவது மாடி. அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

அங்கிருந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. பதிவையும் என் மனுவையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் படித்தார். ‘இல்லை’ என்பதை எடுத்துவிட்டு ‘அளக்கவில்லை’ என்று எழுத வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான்.

“தெரியலன்னு சொன்னீங்க, இல்லன்னு எழுதிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதான மேடம்?”

ஒன்றில்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சங்கடத்தோடு என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். சுவரோரப் பெஞ்சில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த விசில் சத்தம் மேசைவரை கேட்டது.

“இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலயா?” என்று அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

நான் மேசையில் இருந்த அவருடைய பேனாவின் மேல் கையை வைத்தேன்.

“அதையும் எழுதிடாதீங்க சார்.”