புளிக்காத பால்

மேற்கே போய்த் திரும்பும் வணிகர்கள் சொல்லும் கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழக்குக் கோடியில் ஒரு கிறிஸ்தவ ராஜாவாம், அவரே குருவுமாம், பொன் மேசையில் தினமும் ஊருக்கெல்லாம் விருந்தாம். வேறு யாருமில்லை, புல்வெளியில் ஆடும் குதிரையும் மேய்க்கும் எங்கள் கெரெயித் குலத்தின் தலைவர் கான்தான் அது. அவர் ஞானஸ்நானம் எடுத்த வருடம் எங்களிடம் மேசையாவது, பொன்னாவது! எதைச் சாப்பிடுவது என்பதே பெரிய தகராறு. அதில் சாகக் கிடந்தவன் என் அண்ணன் எல்பெக்.

முதல் பனி விழுந்தபோது அண்ணன் மகனுக்குக் கடும் காய்ச்சல். பிள்ளை பிழைத்தால் புது மதத்தின் நோன்பை ஒரு குறையுமில்லாமல் இருப்பேன் என்று சிலுவைக்கு முன்னால் அண்ணன் வாக்குக் கொடுத்தான். பிள்ளையும் பிழைத்துக்கொண்டான். நோன்பு என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த மெர்வ் நகரத்து வணிகர் சப்ரிஷோ, ஈஸ்டருக்கு முன் ஏழு வாரம் இறைச்சியும் கூடாது, பாலும் கூடாது என்றார். அவர் ஊரில் பருப்பும் ரொட்டியும் உண்டு. எங்கள் ஊரில் ஆட்டையும் குதிரையையும் விட்டால் மிஞ்சுவது புல்.

நாங்கள் எதைச் சாப்பிடுவது என்று கேட்டு, கான் உடனே மெர்வின் தலைமைக் குருவான ஆயரிடம் ஆள் அனுப்பினார். நோன்பு தொடங்கியும் பதில் வரவில்லை. வரும்வரை எப்போதும்போல் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள், நாங்களும் சாப்பிட்டோம். அண்ணன் மட்டும் சப்ரிஷோ தந்த தினையைக் கஞ்சி வைத்துக் குடித்தான். அது தீர்ந்ததும் காட்டு வெங்காயத்தைத் தோண்டித் தின்றான். பிடிவாதக்காரன்! வாக்கு தவறினால் பிள்ளை போய்விடுவான் என்ற பயம் அவனை ஆட்டிவைத்தது. அண்ணி அராய் கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் அவன் குதிரையிலிருந்து மயங்கி விழுந்தான்.

போன ஆள் திரும்பிவிட்டான் என்று கேட்டதும் அண்ணி அண்ணனைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக் கான் கூடாரத்துக்கு இழுத்து வந்தாள். ஆயரின் பதிலைச் சப்ரிஷோ சொன்னார். இறைச்சியை மட்டும் விட்டால் போதும், பால் குடிக்கலாம். ஆனால் புளித்த பாலே குடித்துப் பழகியவர்கள் நோன்பு முடியும்வரை புளிக்காத பாலைக் குடிக்க வேண்டும். பழக்கத்தை மாற்றுவதும் நோன்புதானாம்.

கூட்டம் சிரித்தது. புளிக்காத பால் எங்களிடம் பச்சைக் குழந்தை குடிப்பது. மீசை வைத்தவன் குடித்தால் மானம் போகும்.

சிலுவைக்கு முன்னால் கட்டியிருந்த குதிரையைக் கறந்து, பாலின் மேல் ஜெபம் சொன்னார்கள். அண்ணன் சப்ரிஷோவின் கையைப் பிடித்துக்கொண்டான். "இதைக் குடிச்சா என் வாக்கு முறியாதே?"

"முறியாது எல்பெக். குடி."

குடித்தான். கசப்பு மருந்து குடித்தவன்போல முகம் கோணியது. அதுவரை கண்ணீர் விடாத அண்ணி, காலிக் கிண்ணத்தைப் பிடுங்கி அவன் தோளில் இரண்டு போட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நீ செத்திருந்தா, அந்தப் பிள்ளை பிழைச்சு யாரைய்யா அப்பான்னு கூப்பிடும்?" என்று அழுதாள்.

அண்ணன் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினான்.