மிதிக்குக் கீழே பாலைக் கட்டை

வீரகத்தியின் காரில் ஏறுகிறவர்கள் முதலில் முறிகண்டிப் பிள்ளையாரை நினைத்துக்கொள்வார்கள், பிறகுதான் கதவைச் சாத்துவார்கள். சாத்த முன்னமே கார் புறப்பட்டுவிடுவதும் உண்டு. அறுபதாம் ஆண்டளவில் கிளிநொச்சிச் சந்தியில் நின்ற பன்னிரண்டு வாடகைக் கார்களில் அவனுடைய கறுப்பு ஒஸ்ரின்தான் வயதில் மூத்தது. அந்தக் கிழட்டுக் காரை முந்தினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியவன் ஒரேயொருவன்தான் இருந்தான். அவன் பெயர் தவராசா.

வீரகத்தி வேலணையில் பிறந்தவன். வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி கிடைத்தபோது மனைவி நாகேஸ்வரியோடு வந்து காடு வெட்டினான். இரண்டு போகம் வயலில் நின்று பார்த்தான். நெல் முளைக்கிற வேகம் அவனுக்குச் சரிவரவில்லை. வயலை நாகேஸ்வரியின் தலையில் கட்டிவிட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தான். பாம்பு கடித்தாலும் சரி, பிள்ளைப்பேற்று வலி கண்டாலும் சரி, சனம் ஓடிவந்து "வீரகத்தி நிற்கிறானோ?" என்றுதான் கேட்கும். மற்றச் சாரதிமார் பேசாமல் தங்கள் கார்க் கண்ணாடியைத் துடைப்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் வீரகத்திக்கு ஒரு நாள் சாப்பாடே வேண்டாம்.

தவராசாவுக்கும் அவனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கொழும்பிலிருந்து பகல் ரயில் வருகிற நேரம் இரண்டு பேரும் பரந்தனில் ஆள் இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்ப நேர்ந்தால், சந்திவரை மூன்று மைலும் போட்டிதான். வென்றவன், எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற மீராசாகிபுவின் தேத்தண்ணிக் கடையில் இரண்டு தேத்தண்ணி சொல்லி வைப்பான். தோற்றவன் வந்து, எவ்வளவு ஆறிப்போயிருந்தாலும், மூச்சுக் காட்டாமல் குடித்து முடிக்க வேண்டும். நாற்பது வயதை எட்டப்போகிற இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. இரண்டு தேத்தண்ணி என்றால் போட்டி நடந்திருக்கிறது என்பது மீராசாகிபுவுக்குத் தெரியாது. வீட்டில் நாகேஸ்வரிக்கும் தெரியாது.

அறுபத்தோராம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு நாள் வீரகத்தி முன்னால் வந்துகொண்டிருந்தான். வாய்க்கால் மதகைத் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் தவராசாவின் காரைக் காணவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். கடைக்கு வந்து இரண்டு தேத்தண்ணி சொன்னான். தவராசாவின் தேத்தண்ணியில் ஆடை படிந்தது. எறும்பு வந்தது. அரை மணித்தியாலம் கழித்து சைக்கிளில் வந்த ஒருவன்தான் செய்தி சொன்னான். மாடு ஒன்று குறுக்கே வர, அதற்கு விலத்தின தவராசா மதகுச் சுவரில் அடித்து அந்த இடத்திலேயே போய்விட்டான்.

மாட்டின் மேல் பழி விழுந்தது. விசாரணைக்கு வந்தவர்களும் மாட்டைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். வீரகத்தி செத்த வீட்டில் பந்தல் போட்டான், பாடையில் தோள் கொடுத்தான், எட்டாம் நாள் செலவுச் சடங்குவரை கூடவே நின்றான். வாயை மட்டும் திறக்கவில்லை. திறக்கப் பயந்தான் என்பதுதான் உண்மை.

தவராசாவின் மனைவி ஜெகதீஸ்வரி அதற்குப் பிறகு விடிய இடியப்பம் அவித்து மீராசாகிபுவின் கடைக்குக் கொடுத்து வந்தாள். சந்தியில் அந்த இடியப்பத்துக்கு அடிபிடி. வீரகத்தி மட்டும் பாண் வாங்கித் தின்பான். கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவனுக்கு.

ஒரு வருடம் போனது. அதற்குள் இன்னும் இரண்டு கார்கள் வேகத்தில் வீதியை விட்டுப் பள்ளத்தில் இறங்கி எழும்பின. வாடகைக் கார்ச் சங்கத்தின் தலைவர் அப்புத்துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மீராசாகிபுவின் கடைக்குக் கூப்பிட்டார். அவர் கையில் பாலை மரத்தில் சீவிய கட்டை ஒன்று இருந்தது. இரண்டு விரல் தடிப்பு.

"இதை அக்ஸிலேட்டர் மிதிக்குக் கீழை ஆணி அடிச்சு வைக்கிறது. அதுக்குப் பிறகு நீங்கள் ஏறி நிண்டு உழக்கினாலும் கார் முப்பத்தைஞ்சு மைலுக்கு மேலை போகாது. பதினொரு காருக்கும் கட்டாயம். மாட்டன் எண்டுறவர் சந்தியிலை கார் விடேலாது."

கடை இரண்டுபட்டது. மோட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு மாட்டு வண்டில் ஓட்டச் சொல்கிறீர்களோ என்று ஒருவன் கேட்டான். பஸ் முந்திப்போனால் ஆர் எங்களிட்டை ஏறுவான் என்றான் இன்னொருவன். செத்தவனைவிட ஆமை மேல் என்று மூன்றாமவன் சொன்னான். கடைசியில் எல்லாரும் வீரகத்தியைப் பார்த்தார்கள்.

வீரகத்தி எழும்பினான். "எனக்காகச் சொல்லேல்லை அண்ணை. விசுவமடுவிலை ஒருத்திக்குப் பிள்ளைப்பேற்று வருத்தம் கண்டால் ஆர் கொண்டு போறது? உங்கட கட்டையோ? தாயும் பிள்ளையும் வழியிலை போனால் ஆர் பொறுப்பு?"

அப்புத்துரை கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாற ஞாயிறு முடிவெடுப்பம் என்றார். இடியப்பப் பெட்டியை எடுத்துப்போக வந்த ஜெகதீஸ்வரி கடைவாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீரகத்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. சொன்ன காரணம்தான் பொய். கட்டையை ஒத்துக்கொண்டால் வேகம்தான் கொன்றது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சொல்லி வைத்தாற்போலப் புதன்கிழமை காலையில் விசுவமடுவிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு வலி. வீரகத்தி பறந்தான். பெண்ணையும் மருத்துவிச்சி அன்னபாக்கியத்தையும் ஏற்றிக்கொண்டு கிரவல் வீதியில் அவன் ஓட்டிய ஓட்டம், சங்கத்துக்கே காட்டுகிற ஓட்டம். கார் குழியில் விழுந்து எழும்பியது. பெண் கத்தினாள். தருமபுரத்துக்கு இரண்டு மைல் முன்னால் அன்னபாக்கியம் அவன் தோளில் ஓங்கி அடித்தார்.

"நிப்பாட்டும் காரை!"

மருத மரம் ஒன்றின் கீழே பின் ஆசனத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. வீரகத்தி மறுபக்கம் திரும்பி நின்றான். தாயையும் பிள்ளையையும் துடைத்துப் போர்த்திவிட்டு அன்னபாக்கியம் இறங்கி வந்தார்.

"தம்பி வீரகத்தி, உம்மட காரிலை வழியிலை பிறந்ததுகள் இதோடை மூண்டு. ஏனெண்டு யோசிச்சனீரோ?"

"நேரம் காணாமல் போட்டுது அம்மா. அதுதான் நான் கெதியா..."

"நேரம் கிடந்தது. இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் கிடந்தது. நீர் குலுக்கின குலுக்கிலைதான் பிறந்தது. உம்மட கெட்டித்தனத்தைச் சனம் புகழுது எண்டு நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. அது என்ர பிழை. இனி ஆஸ்பத்திரி வரைக்கும் இருபதிலை போம்."

இருபது மைல் வேகத்தில் வீரகத்தி வாழ்நாளில் ஓட்டியதில்லை. பரந்தன் திரும்பிக் கிளிநொச்சி வீதியில் ஏறியபோது மதகு வந்தது. ஒரு வருடமாக அந்த இடத்தில் அவன் மிதியை அழுத்திக் கண்ணை மறுபக்கம் வைத்துக்கொள்வான். இன்றைக்கு மதகு மெல்ல மெல்ல வந்தது. உடைந்த சுவரில் புதிதாகப் பூசிய சீமெந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதன் கீழே யாரோ வைத்த செம்பரத்தம்பூ ஒன்று வாடிக் கிடந்தது. யாரோ என்ன, ஜெகதீஸ்வரிதான். வீரகத்திக்குக் கண் கலங்கி வீதி மறைந்தது. பின்னால் பிள்ளை அழுதது. இனித் தன்னால் இதைச் சுமக்க முடியாது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்திருந்தது. வீரகத்தி எழும்பியதும், பிள்ளைப்பேற்றுக் கதையை இன்னொருதரம் எடுக்கப்போகிறான் என்று அவனுடைய கட்சிக்காரர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. பெட்டியோடு வாசலில் நின்ற ஜெகதீஸ்வரியைப் பார்த்தான்.

"தங்கச்சி, அண்டைக்கு நாங்கள் போட்டிக்கு ஓடினனாங்கள். நானும் தவராசாவும். மாட்டிலை பிழையில்லை."

அவனுடைய கட்சிக்காரர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

"ஆர் முன்னுக்கு வந்தது?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

தவராசாதான் என்று சொல்லியிருக்கலாம். வென்றுகொண்டு செத்தான் என்றால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருக்கும். அந்தப் பொய் அவன் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான். என்னைப் பிடிக்கத்தான் அவன் ஓடினவன். கண்ணாடியிலை காணேல்லை எண்டு நான் சிரிச்சனான். இஞ்சை வந்து ரெண்டு தேத்தண்ணி சொல்லிப்போட்டு இருந்தனான்."

ஜெகதீஸ்வரி பெட்டியை இறக்கி வைத்தாள். "அண்டைக்கு வெளிக்கிடேக்கை அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'இண்டைக்கு வீரகத்திக்கு ஆறின தேத்தண்ணி குடுக்காமல் விடமாட்டன்' எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போனவர். எனக்கு முதல் நாளிலை இருந்தே தெரியும் அண்ணை. நீங்களா வந்து ஒரு வார்த்தை சொல்லுவியள் எண்டு ஒரு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீரகத்தி அப்புத்துரையின் கையிலிருந்த கட்டையை வாங்கினான். சுத்தியலையும் கேட்டு வாங்கி, முதல் ஆணியைத் தன் காரில் தானே அடித்தான்.

மற்றப் பத்துக் காருக்கும் அன்றைக்கே கட்டை ஏறியது. அது எத்தனை நாளைக்கு நின்றது என்று கேட்கக்கூடாது. அடுத்த அறுவடைக்குள் ஆறு பேர் சத்தம் போடாமல் கழற்றிவிட்டார்கள். வீரகத்தியின் கட்டை அவன் கார் விடுவதை நிறுத்தும் வரை கழலவில்லை. பஸ்களும் லொறிகளும் ஹோண் அடித்து அவனை முந்திப் போயின. பிள்ளைப்பேற்றுக்காரிகளை அன்னபாக்கியம் தேடி வந்து அவன் காரில்தான் ஏற்றினார்.

ஆணி அடித்த மறுநாள் காலை வழமைபோல அவன் கடையில் பாண் கேட்டான். மீராசாகிபு பாணைக் கொண்டுவரவில்லை. சூடான இடியப்பத்தை வாழையிலையில் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"நான் கேக்கேல்லையே காக்கா."

"ஜெகதீஸ்வரிப் பிள்ளை சொல்லிப்போட்டுப் போகுது. 'வீரகத்தி அண்ணை ஏன் ஒரு வருசமா என்ர இடியப்பம் தின்னேல்லை எண்டு எனக்குத் தெரியும், இனி ஆறமுன்னம் சாப்பிடச் சொல்லுங்கோ' எண்டு."

வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டு, சூட்டோடு சூடாக, ஒரு இழை விடாமல் சாப்பிட்டு முடித்தான்.