கோட்டோ தீவில் நான் விட்ட நாடா

புதிதாக வீடியோ கமரா வாங்கியிருந்த கோடையில், நானும் மனைவியும் மொன்றியலிலிருந்து ஜப்பானின் கோட்டோ தீவுகளுக்குப் போனோம். அதிகம் பேர் போகாத இடம். கடலோரமெங்கும் சின்னச் சின்னத் தேவாலயங்கள்.

மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட விடுதிக்கார அம்மா, வழியனுப்பத் துறைமுகத்துக்கே வந்தார். அந்த ஊர் வழக்கப்படி காகித நாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்து, மறுநுனியைப் பிடித்தபடி கரையில் நின்றார். கப்பல் விலகி, நாடா தானாக அறும்வரை இருவரும் பிடித்திருக்க வேண்டும். நானோ படமெடுக்கும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மொன்றியலுக்குத் திரும்பி, கர்க்லாண்ட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் வீடியோவைப் போட்டபோதுதான் கண்டேன். தண்ணீரில் விழுந்த நாடாவைக் கடைசிவரை அவர் விடவேயில்லை.

“ஏனப்பா விட்டனீங்கள்?” என்றாள் மனைவி.

இலங்கைப் போரில் மன்னாரை விட்டு ஓடிவந்த அன்று என்னை வழியனுப்ப ஒருவரும் வரவில்லையென்று எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன்! வந்து நின்ற ஒருவரை நான் கமராவுக்குள்தான் பார்த்தேன்.